கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மலைப்பாதை

ஊட்டிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் நாலு பேராவது, "குறிஞ்சிப் பூ பார்த்தோமே!" என்பார்கள். எந்த வருஷம் போனீர்கள் என்றால் ஒருத்தர் 2015 என்பார், இன்னொருத்தர் 2021 என்பார். நீலகிரியில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலையையே மூடிக்கொண்டு பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் அங்கங்கே ஒரு சில திட்டுகள் முன்னே பின்னே பூப்பதுண்டு. குறிஞ்சியில் வேறு இனங்களும் உண்டு. ஆனால் காரை நிறுத்திய இடத்திலெல்லாம், தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், சாக்கடைக் கரையில், பஸ் ஸ்டாண்டு பின்புறத்தில் ஊதா நிறத்தில் நிற்பதெல்லாம் குறிஞ்சி இல்லை. வாடகைக் காரின் டிரைவர் நல்ல மனசோடு, "இதுதானுங்க குறிஞ்சி, போட்டோ எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடுவார். நாமும் எடுத்துக்கொண்டு வந்து ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவோம்.

அப்படியானால் அது என்ன பூ? கத்தரிப்பூ நிறத்தில் மலைப்பாதை முழுக்க நம்மைத் தொடர்ந்து வரும் இந்தச் செடிகளை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து உதகை வரை, அவசரமில்லாமல், நினைத்த இடத்தில் இறங்கி ஏறிப் போனோம். ரயிலில் போவது இன்னொரு சுகம். நாற்பத்தாறு கிலோ மீட்டர், 208 வளைவுகள். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் உதகை வரையும் போட்ட பாதை. ஆனால் செடி பார்க்க ரயில் சரிப்படாது. நமக்கு வேண்டிய இடத்தில் அது நிற்காதே! காரில் போகிறவர்கள் புறப்படுமுன் இ-பாஸ் விஷயத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்தில் அந்த ஏற்பாடு வந்தது.

அடிவாரத்திலேயே முதல் ஊதாப் பூ வந்துவிடுகிறது. நம் நொச்சிதான். ஓடைக்கரையிலும் வயல் வேலியிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கிளை நுனியில் நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்தோடு நிற்கும். கைவிரலை விரித்த மாதிரி மூன்று அல்லது ஐந்து இலைகள், அடிப்பக்கம் வெளுத்திருக்கும். ஒன்றைக் கசக்கி மோந்தால் போதும், பாட்டி ஞாபகம் வராதவர்கள் இருக்க முடியாது. ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க, தலையணைக்குள் திணிக்க, தானியக் குதிரில் பூச்சி வராமல் போட்டு வைக்க, சாயங்காலம் புகை போட என்று நம் வீடுகளில் இதற்கு இருந்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. சங்க காலத்தில் கோட்டையைக் காக்கும் வீரர்கள் சூடிய பூவும் இதுதான். கொசுவை விரட்டுவதற்காக 2014-ல் சென்னை மாநகராட்சி வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

ஒரு வார்த்தை: ஆவி பிடிக்கிறோம் என்று சின்னக் குழந்தையைக் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே போர்வை போட்டு உட்கார வைக்காதீர்கள். நொச்சியால் கெடுதல் இல்லை, வெந்நீரால் வருகிறது ஆபத்து. பாத்திரம் கவிழ்ந்து தொடையெல்லாம் வெந்துபோன குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

நொச்சியை வெகுகாலம் 'வெர்பினா' என்ற பூச்செடியின் குடும்பத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். தேக்கு மரமும் அந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருந்தது. 1990-களில் தாவர சாஸ்திரக்காரர்கள் மறுபடி ஆராய்ந்து, இவை இரண்டையும் துளசி குடும்பத்துக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். தத்துப் போன மாதிரி! ஆகையால் பழைய புத்தகத்தில் ஒரு குடும்பமும் புதிய புத்தகத்தில் வேறு குடும்பமும் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

இந்த இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக ஓர் அடையாளம் உண்டு. வீட்டுத் துளசியின் இளந்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு பட்டை தட்டுப்படும். இலைகள் எதிரும் புதிருமாக இரண்டிரண்டாக இருக்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்த ஜோடி வடக்கு தெற்கு. மலைப்பாதையில் ஊதாப் பூ எதைப் பார்த்தாலும் முதலில் தண்டைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். பட்டைத் தண்டாக இருந்து, பூவும் மேலுதடு கீழுதடு என்று வாய் திறந்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் துளசி வகை. பூ ஐந்து இதழும் ஏறக்குறைய ஒரே அளவாக விரிந்து, அடியில் குழாய் மாதிரி இருந்தால் வெர்பினா வகை. இது போதும் நமக்கு. பூதக்கண்ணாடி ஒன்று கைப்பையில் இருந்தால் இன்னும் விசேஷம். குழந்தைகள் வழியெல்லாம் சண்டை போடாமல் வருவார்கள்.

பர்லியார் தாண்டி மேலே ஏற ஏற இரண்டு பக்கமும் உண்ணிச் செடிதான். வெர்பினா குடும்பத்தின் சொந்தப் பிள்ளை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவந்தது, இன்று காட்டையே பிடித்துக்கொண்டுவிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், ஊதா என்று ஒரே பூச்செண்டில் இரண்டு மூன்று நிறம் இருக்கும். நடுவில் இருப்பவை புதுப்பூக்கள். பூச்சி வந்து தேன் குடித்துப் போன பிறகு ஓரத்துப் பூக்களின் நிறம் மாறிவிடும். "இங்கே தேன் தீர்ந்தது, அடுத்த கடைக்குப் போ" என்று வண்டுக்குச் சொல்லுகிற போர்டு! தண்டில் நாலு பட்டையும் சின்ன முட்களும் உண்டு. இலை உப்புக் காகிதம் மாதிரி சொரசொரக்கும்.

குன்னூருக்குச் சற்றுக் கீழே, எல்லோரும் இறங்கி மலையைப் பார்க்கிற வளைவு ஒன்றில் நாங்களும் இறங்கினோம். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். நாலு வயசுப் பையன் வேலி ஓரமாக உட்கார்ந்து எதையோ பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அம்மா இரண்டடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

"ஏம்மா, குழந்தை என்ன சாப்பிடறான்?"

"சுக்குட்டிப் பழமுங்கக்கா. வாய்ப்புண்ணுக்கு நல்லதுன்னு எங்க ஆத்தா சொல்லும். ஊட்ல கொடுத்தா திங்க மாட்டான், இங்க பாருங்க, அவனா பறிச்சுத் திங்கறான்."

கோயம்புத்தூர்ச் சீமையில் மணத்தக்காளியைச் சுக்குட்டி என்பார்கள். பையன் கையில் இருந்தது மணத்தக்காளி இல்லை, உண்ணிக் காய். ஒன்றிரண்டு கறுத்த பழம், மற்றதெல்லாம் பச்சை.

இரண்டும் சின்ன உருண்டை, இரண்டும் பழுத்தால் கறுப்பு, ஏமாறுவது சகஜம்தான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. மணத்தக்காளி சின்னக் காம்புகளில், தலையில் பச்சைத் தொப்பி வைத்த மாதிரி, கீழ் நோக்கித் தொங்கும். பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் மூக்கு. உண்ணிக் காய்கள் ஒரே காம்பின் உச்சியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரே கெட்டிக் கொட்டை; மணத்தக்காளியிலோ தக்காளி விதை போலப் பொடிப் பொடியாக நிறைய விதை. இலையைக் கசக்கினால் உண்ணி காரமாக, மூக்கைச் சுளிக்க வைக்கிற மாதிரி நெடி அடிக்கும்.

நன்றாகப் பழுத்த உண்ணிப் பழத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் தின்பது உண்டு. பச்சைக் காய் விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், மயக்கம் எல்லாம் வரக்கூடும். இலையைத் தின்ற ஆடு மாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிற்று. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கப் போனாள். "வேண்டாம்மா, அது புரையேறினால் அது வேறு ஆபத்து" என்று தடுத்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒரு கிளையைக் காயோடு ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்து, குன்னூரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னோம். என்ன தின்றான் என்று டாக்டருக்கு வாயால் சொல்வதைவிடச் செடியையே காட்டுவது மேல். கூடவே எத்தனை மணிக்கு, சுமாராக எத்தனை காய் என்பதும். வண்டி இல்லாவிட்டால் 108 இருக்கவே இருக்கிறது. அன்று சாயங்காலம் அவர்களே போன் செய்தார்கள். ஒரு தடவை வாந்தி எடுத்தானாம், இரண்டு மூன்று மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்களாம். "இப்ப பன்னு கேட்டு அழுவறானுங்கக்கா" என்றாள். அப்புறம்தான் எனக்கும் காபி இறங்கிற்று.

உண்ணியைப் பற்றி ஒரு நல்ல சேதியும் சொல்லிவிடுகிறேன். கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலான பழங்குடி மக்கள் இதன் தண்டை வேகவைத்து வளைத்து, நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் போய் நின்றது. காட்டைத் தின்ற செடி யானையாகிக் கப்பல் ஏறியது.

குன்னூரில் சிம்ஸ் பார்க் பார்க்காமல் போக முடியாது. 1874-ல் ஏற்பட்டது. கோடை ஆரம்பத்தில் வந்தால் ஊரில் ஜகரண்டா மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு முழு மரமும் ஊதாவாக நிற்கும். அது வேறு குடும்பம், நம் கணக்கில் வராது. ஆனால் வீட்டு வேலிகளில் வெட்டி விட்டிருக்கும் துரந்தா நம் கணக்கில் உண்டு. வெர்பினா குடும்பம்தான். வெளிர் ஊதாப் பூ சரமாகத் தொங்கும், அதே கிளையில் ஆரஞ்சு மஞ்சளில் பாசிமணி மாதிரி பழமும் தொங்கும். பார்க்கக் கொள்ளை அழகு, அதுதான் கஷ்டமே. குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரித் தெரியும். இதுவும் தின்றால் விஷம். இப்போது சமவெளியிலும் நர்சரிக்காரர்கள் வேலிக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள், பள்ளிக்கூட வாசலில்கூடப் பார்க்கிறேன். தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் காய் பிடிக்குமுன் பூச்சரத்தைக் கத்தரித்துவிடுங்கள், அல்லது வேறு செடி வையுங்கள். வேலிக்குச் செம்பருத்தி ஒன்றும் மட்டமில்லை.

குன்னூர் வரை வழியோரத்தில் சீமை நாயுருவியும் கண்ணில் படும். எலிவால் மாதிரி நீண்ட பச்சைக் குச்சி. அதில் ஒரு சமயத்தில் நாலைந்து நீல ஊதாப் பூக்கள் மட்டும் விரிந்திருக்கும். பட்டாம்பூச்சி எப்போதும் சுற்றும். பெயரில் நாயுருவி இருக்கிறதே தவிர, நம் நாயுருவிக்கும் இதற்கும் உறவு கிடையாது. பல் துலக்கப் பறித்துவிடாதீர்கள்.

அருவங்காடு, கேத்தி என்று மேலே போனதும் குளிர் தட்டுகிறது, சால்வையைத் தேடுகிறோம். இங்கேதான் நம் கதாநாயகி வருகிறாள். வெர்பினா போனாரியென்சிஸ். போனாரியென்சிஸ் என்றால் 'ப்யூனஸ் அயர்ஸ் ஊர்க்காரி' என்று அர்த்தம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தவள். நம் மார்பு உயரத்துக்கு ஒல்லியாக விறைப்பாக நிற்பாள். பட்டைத் தண்டு, தொட்டால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. இலைகள் கொஞ்சம்தான், அதுவும் கீழ்ப்பாதியில். ஓரத்தில் ரம்பப் பல், அடிப்பாகம் தண்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். உச்சியில் தண்டு மூன்று மூன்றாகப் பிரிந்து, பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஊதாக் குஞ்சம். குஞ்சத்தில் இருக்கும் தனிப்பூ கொத்தமல்லி விதை அளவுதான். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஐந்து இதழ்கள் தெரியும். இலை மிகக் குறைவாக இருப்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் பூ மட்டும் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும். காரட் வயல் ஓரத்தில் மாலை வெயிலில் இதைப் பார்த்துவிட்டால், குறிஞ்சி இல்லையே என்ற வருத்தம் போய்விடும்.

குறிஞ்சியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை. குறிஞ்சிப் பூ விரல் மொத்தத்துக்கு ஒரு மணி, கோயில் மணி மாதிரி வடிவம். மலைப் புல்வெளியில் முழங்காலுக்குச் சற்று மேலே புதராகக் கூட்டம் கூட்டமாக இருக்கும், கட்டைத் தண்டு. குடும்பமும் வேறு. நீங்கள் தலையில் வைத்துக்கொள்கிற கனகாம்பரத்துக்கும், இருமலுக்குக் கஷாயம் வைக்கிற ஆடாதோடைக்கும் சொந்தம் குறிஞ்சி. 2030-ல் பார்க்கப் போகிறவர்கள் பறிக்காமல் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது அதற்கும் பாதுகாப்பு உண்டு.

வெர்பினா என்ற பெயரைப் பார்த்ததும், "இதில் டீ போடுவார்களாமே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் விற்கும் வெர்பினா டீ, எலுமிச்சை வாசனை அடிக்கும் வேறொரு புதரின் இலை. ஐரோப்பாவில் நாட்டு மருந்துக்கு எடுத்தது இன்னொரு வெர்பினா. அதையே கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மலையில் நிற்கும் நம் கதாநாயகி இரண்டிலும் சேர்த்தியில்லை. பார்ப்பதோடு சரி.

அதே வயல் ஓரத்தில் இன்னொரு ஊதாப் பூவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆள் உயரம், சின்ன மரம் மாதிரி. கம்பளி போர்த்த மாதிரி சாம்பல் பச்சையில் பெரிய பெரிய இலை. கத்தரிப்பூ போலவே ஊதா நட்சத்திரப் பூக்கள் கொத்தாக, அதன் கீழே அச்சு அசல் சுண்டைக்காய் மாதிரி காய்க்கொத்து! இதுவும் தென் அமெரிக்காக்காரிதான். கத்தரி, சுண்டை குடும்பமேதான், ஆனால் காய் விஷம். கீழேயிருந்து போகிற நமக்குச் சுண்டைக்காய் இலவசமாகத் தொங்கினால் சும்மா வர மனசு வருமா? எங்களோடு வந்த மாமி ஒருவர் புடவைத் தலைப்பை விரித்தே விட்டார், வற்றல் போடலாமென்று. நல்ல சுண்டைக்குப் பூ வெள்ளை, தண்டில் முள் உண்டு. இதற்குப் பூ ஊதா, முள் கிடையாது, காயின் மேல் பொடி மயிர், பழுத்தால் மஞ்சள். "அப்போ வெள்ளைப் பூன்னா வத்தக் குழம்பு, ஊதாப் பூன்னா ஆஸ்பத்திரி" என்று மாமியே சூத்திரம் போட்டுவிட்டார்.

உதகை அரசுத் தாவரவியல் பூங்காவில் பாத்தி பாத்தியாக வெர்பினா வைப்பதுண்டு. அது தோட்டத்துக்கென்று கலந்து உண்டாக்கிய குள்ளச் செடி. ஊதா, சிவப்பு, வெள்ளை என்று பல நிறம். 1848-ல் மெக்ஐவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் செடியைப் பார்க்க முடியாது, முதுகைத்தான் பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர் எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

செடிப் பிரியம் உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த ஃபைசன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் நீலகிரி, பழநி மலைச் செடிகளைப் பற்றி 1915-லிருந்து 1920 வரை ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அதில் உள்ள கோட்டுச் சித்திரங்களில் பலவற்றை வரைந்தது அவருடைய மனைவியும், கோடைக்கானலில் இருந்த லேடி போர்னும். வீட்டு வேலைக்கு நடுவில் பூவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மயிரையும் வரைந்திருக்கிறார்கள். போட்டோவைவிட அந்தச் சித்திரம் அடையாளம் காட்டும்.

இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் வாய்க்கால் கரையில் ஒரு நிமிஷம் நின்றோம். ஈரத்தில் தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது பொடுதலை. அதுவும் அசல் வெர்பினா குடும்பம் என்று சொன்னால் மாமி நம்பவில்லை. குனிந்து பார்த்தால் நம்பத்தான் வேண்டும். கணுவுக்குக் கணு வேர்; எதிரெதிராக இலை; இலையின் நுனிப் பாதியில் மட்டும் ரம்பப் பல்; நீண்ட காம்பின் உச்சியில் கருஞ்சிவப்புக் குமிழ், அதைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி வெள்ளையும் வெளிர் ஊதாவும் கலந்த பொடிப் பூக்கள். பொடுகுக்குத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாந்தம் என்று கைக்குழந்தைக்குச் சாறு பிழிந்து புகட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆறு மாசம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். வயிற்றுக் கோளாறு என்றால் டாக்டரிடம் போவதே சரி.

பெரியவர்களுக்குத் துவையல் அரைக்கலாம். சாக்கடை ஓரத்திலும் பூச்சி மருந்து அடித்த வயலிலும் பறிக்காமல், சுத்தமான இடத்தில் இலையாக ஒரு கைப்பிடி ஆய்ந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் உளுத்தம் பருப்பு, நாலு மிளகாய் வற்றல், கொஞ்சம் பெருங்காயம் இவற்றை எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் இலையைச் சுருள வதக்கி, நெல்லிக்காய் அளவு புளி, உப்பு வைத்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். லேசான துவர்ப்பு இருக்கும்; ஒரு சில்லுத் தேங்காய் சேர்த்தால் சரியாகிவிடும். சூடு சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து, சுட்ட அப்பளத்தோடு சாப்பிட்டோம்.